எபிசோட் 37: மோடம் போட்ட காலையில கட்லா ஏன் மேல வருது?

வழக்கம்போல நான் பேசினதை எழுத்தாக்கி, நடுவுல வந்த இருமல், பக்கத்து வீட்டு மிக்சி சத்தம், நான் முப்பது தடவை சொன்ன "ஆக்சுவலி" எல்லாத்தையும் வெட்டிட்டுப் போட்டிருக்கேன். ஆபீஸ் பஸ்ல படிக்கிறவங்களுக்காக.

இந்த வாரம் தூண்டில். குறிப்பா சொன்னா கெண்டை மீன். தாம்பரம் பக்கத்து ஏரிகள்ல மாசி முடிஞ்சு சித்திரை வரைக்கும், வானிலை ஒருநாள் போல ஒருநாள் இல்லாத இந்த ரெண்டு மாசத்துல, மீன் என்ன பண்ணுது, நாம என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாது.

இதை ஆரம்பிச்சு வச்சது ஒரு தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜ். அவர் யூடியூப்ல இங்கிலாந்துக்காரங்க கார்ப் பிடிக்கிற வீடியோ நிறைய பார்க்கிறாராம். அங்க எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுறாங்க: வசந்த காலத்துல வானிலை மாறும்போதுதான் பெரிய மீன் கடிக்கும், காத்தழுத்தம் குறையணும், மேகம் கட்டணும், தண்ணி மெதுவா சூடாகணும். தம்பியும் வெதர் ஆப்பைப் பார்த்து, மேகம் வந்த நாளா தேர்ந்தெடுத்து, விடிகாலை அஞ்சரைக்கு அவர் ஏரியா ஏரிக்குப் போயிருக்கார். "அண்ணா, கண்ணு முன்னாடி நூறு கெண்டை வாயைப் பிளந்துக்கிட்டு மேலேயே நிக்குது. புண்ணாக்கு போட்டேன், பிரெட் போட்டேன், புழு போட்டேன். ஒண்ணுகூட திரும்பிப் பார்க்கல. இன்னைக்கு என்ன விரதமா?"

விரதம் இல்ல தம்பி. அதுங்களுக்கு மூச்சு முட்டுது.

இங்கிலாந்து மீனோட பிரச்சினை குளிர். குளிர்காலம் முழுக்க தண்ணி ஜில்லுன்னு இருக்கும், மீன் அடியில அசையாம கிடக்கும். மார்ச், ஏப்ரல்ல தண்ணி பத்து டிகிரியைத் தாண்டினதும் அதுக்குப் பசி எடுக்கும். அதனால அவங்க சொல்றது அவங்க ஊருக்கு முழுக்க சரி. நம்ம ஏரித் தண்ணி தை மாசத்துலயே கையை விட்டா வெதுவெதுன்னு இருக்கு. பங்குனியில 30 டிகிரியைத் தாண்டிடும். நம்ம மீனுக்குச் சூடு பத்தலங்கிற கவலையே கிடையாது. அதோட கவலை ஆக்சிஜன்.

இதை மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மீதி எல்லாம் இதுல இருந்துதான் வருது. தண்ணி சூடாக ஆக அது பிடிச்சு வைக்கிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில நல்ல தண்ணி ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வச்சிருக்கும். 30 டிகிரியில அது ஏழரைக்கு இறங்கிடும். இதே நேரத்துல மீனோட உடம்பு சூட்டுக்கு வேகமா ஓடும், அதுக்குத் தேவைப்படுற ஆக்சிஜன் ஏறும். வரவு குறையுது, செலவு கூடுது. மாசக் கடைசி கதைதான்.

இது சுத்தமான தண்ணிக்கு. நம்ம ஏரி பச்சைத் தண்ணி. சாக்கடையில வர்ற சத்தைத் தின்னு பாசி மண்டிக் கிடக்கு. பாசி பகல்ல வெயில் இருக்கும்போது ஆக்சிஜன் விடும். மத்தியானம் மூணு மணிக்கு அளந்து பார்த்தீங்கன்னா, தண்ணி சாதாரணமா வச்சிருக்க வேண்டியதைவிட அதிகமாவே ஆக்சிஜன் காட்டும். ராத்திரி ஆனா அதே பாசி, மீன் மாதிரியே ஆக்சிஜனை எடுத்துக்கும். அடியில இருக்கிற சேறு, அதுல இருக்கிற பாக்டீரியா எல்லாம் 24 மணி நேரமும் எடுத்துக்கிட்டே இருக்கும். அதனால ராத்திரி முழுக்க ஆக்சிஜன் இறங்கி, விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடிமட்டத்துக்கு வரும். நல்ல வெயில் அடிச்ச நாளைக்கு அடுத்த விடியல்ல மீன் எப்படியோ சமாளிச்சிடும், முந்தின நாள் சேமிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனா முந்தின நாள் முழுக்க மோடம் போட்டிருந்தா? பாசி வேலையே செய்யல. சேமிப்பு இல்லாமலே ராத்திரி ஆரம்பிக்குது. நாலு மணிக்கு அக்கவுண்ட் காலி.

கெண்டை வளர்க்கிறவங்க ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல இருக்கணும்னு பார்ப்பாங்க. அது பாதியா குறைஞ்சாலே மீன் தீனி எடுக்காது. இன்னும் இறங்கினா மேல வந்து, காத்தோட ஒட்டி இருக்கிற அந்த மெல்லிசான மேல்தண்ணியை உறிஞ்சிக்கிட்டு நிக்கும். தம்பி பார்த்தது அதைத்தான். மூச்சு விட முடியாதவன் முன்னாடி பிரியாணி வச்சா அவன் சாப்பிடுவானா?

சரி, மோடம் மட்டும்தான் வில்லனான்னா இல்ல. கோடை மழை அதைவிட மோசம். கேட்கவே கஷ்டமா இருக்கும், ஏன்னா நாமெல்லாம் அந்த மழைக்காக ஏங்கிக் கிடப்போம். பல நாள் வெயில்ல ஏரியில மேல சூடான தண்ணி, அடியில கொஞ்சம் குளிர்ந்த தண்ணின்னு ரெண்டு அடுக்கா பிரிஞ்சிருக்கும். அடி அடுக்குல ஆக்சிஜனே இருக்காது. சேத்துல இருந்து வர்ற அமோனியாவும், அழுகின முட்டை நாத்தம் வருமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடும்தான் இருக்கும். திடீர்னு ஒரு மணி நேரம் குளிர்ந்த மழை அடிச்சு, கூடவே காத்தும் சுழட்டினா, மேல் தண்ணி கனமாகி கீழ இறங்கும், கீழ இருந்தது மேல வரும். இன்னொரு பக்கம், மூணு மாசமா காய்ஞ்சு கிடந்த தெரு அழுக்கு, வடிகால்ல தேங்கின சாக்கடை எல்லாத்தையும் அந்த முதல் மழை ஒரே தள்ளா ஏரிக்குள்ள தள்ளும். அதைச் செரிக்க பாக்டீரியாவுக்கு இன்னும் ஆக்சிஜன் வேணும். சித்திரை முடிஞ்ச கையோட கடல்ல ஒரு புயல் கிளம்பி நம்மளைத் தொட்டுட்டுப் போற வருஷங்கள் உண்டு. 2010 மே மாசம் லைலா, 2016 மே மாசம் ரோனு. அந்த மாதிரி ரெண்டு மூணு நாள் மோடமும் மழையும் சேர்ந்து வந்தா, பாசி மண்டின ஏரிக்கு அதைவிட ஆபத்தான வானிலை கிடையாது.

நமக்கு நண்பன் யாருன்னா கடல் காத்து. பதினோரு மணி, பன்னெண்டு மணி வாக்குல கிழக்குல இருந்து அது ஏறினா ஏரியில சிலுசிலுன்னு அலை எழும்பும், காத்துல இருக்கிற ஆக்சிஜன் தண்ணிக்குள்ள கலக்கும். நம்ம பக்கம் நிலம் கடலைப் பார்த்துச் சரியறதால பெரும்பாலான ஏரிகள்ல மண்கரையும் மதகும் கிழக்குப் பக்கம் இருக்கும், ஆழமும் அங்கதான். எல்லாரும் அங்கதான் உட்காருவாங்க, நிழலும் இருக்கு, வண்டியும் நிறுத்தலாம். ஆனா கரையே காத்தை மறைச்சிடும், அந்தப் பக்கம் தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். கடல் காத்து ஏறின நாள்ல நான் போறது எதிர்ப்பக்கம், அலை வந்து மோதுற மேற்குப் பக்கம். தக்கை ஆடிக்கிட்டே இருக்கும், கடியைக் கண்டுபிடிக்கிறது கொஞ்சம் சிரமம், ஆனா மீன் அங்கதான் மேயும். கத்திரி வெயில்ல மட்டும் இது செல்லாது, மேற்குப் பக்கம் முழங்கால் தண்ணி கொதிச்சிட்டு இருக்கும்.

அப்போ எந்த நாள் போகணும்? மழைக்கு அடுத்த நாள் வேண்டாம். தொடர்ந்து ரெண்டு மூணு நாள் வானம் தெளிஞ்சு, காத்தும் ஒழுங்கா வீசின நாள். விடியல்ல போகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. விரால்காரங்க விடியல்ல போகட்டும், விரால் மேல வந்து காத்தையே நேரா குடிக்கிற மீன், அதுக்குக் கவலை இல்ல. கெண்டைக்கு நம்ம ஏரியில காலை ஒன்பதுக்கு மேல, இல்லைன்னா சாயந்தரம் நாலரையில இருந்து இருட்டுற வரைக்கும். சனிக்கிழமை தூங்கி எழுந்தே போகலாம். இதைவிட நல்ல செய்தி இந்த எபிசோட்ல கிடையாது.

சாமான் பத்திப் பெருசா பேசப் போறதில்ல. கட்லா மேல்தண்ணியில மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. அதுக்கேத்த மாதிரி தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவுல தங்கூஸ் நீளத்தை மாத்திக்கோங்க. கடலைப் புண்ணாக்கும் வறுத்த தவிடும் பிசைஞ்சு சின்னச் சின்ன உருண்டை போதும். சூட்டுக் காலத்துல கிலோ கணக்குல தீனியைக் கொட்டாதீங்க. மீன் தின்னாத புண்ணாக்கு அடியில அழுகி, அதுவும் ஆக்சிஜனைத்தான் தின்னும்.

இதெல்லாம் வெளிநாட்டு பொழுதுபோக்குன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒரு ஆள், மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்தவர், நம்ம ஊர் ஏரி குளத்துல தூண்டில் போடுறதுக்குன்னே தனியா ஒரு புத்தகம் எழுதினார், 1887ல. அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடி பாண்டியன் கொடியில கயல் பறந்தாச்சு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மீன் வாயைப் பிளந்து மேல நிக்கிற காலை, பார்க்கிறதுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி இருக்கும். கடிக்காட்டி என்ன, கையாலயே அள்ளலாம், வலை வீசினா மூட்டை கட்டலாம்னு தோணும். சில பேர் செய்யவும் செய்றாங்க. தயவு செஞ்சு அன்னைக்குத் தூண்டிலைப் பைக்குள்ள வைங்க. பிடிச்சிட்டு விட்டுடுவேன்னு சொல்றதும் அன்னைக்குச் செல்லாது. தூண்டில்ல மாட்டின மீன் போராடும்போது இருக்கிற கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனையும் செலவு பண்ணிடும். நீங்க விடும்போது நீந்திப் போகும், போட்டோ நல்லா வரும், அரை மணி நேரத்துல எங்கேயோ மல்லாக்க மிதக்கும்.

ஒரு ஏரியில கட்லா செத்தா அது தானா திரும்பி வராது. இது நிறைய பேருக்குத் தெரியாது. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கங்கைப் பக்கத்து மீன். வெள்ளம் ஓடுற ஆத்துலதான் முட்டை போடும், தேங்கின தண்ணியில போடாது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் இந்தக் கெண்டைகளுக்குப் பிட்யூட்டரி சுரப்பிச் சாறு ஊசி போட்டு முட்டையிட வச்சாங்க. அந்த நாள்தான் இப்போ தேசிய மீன் வளர்ப்போர் தினம். நம்ம ஏரியில நீங்க பிடிக்கிற ஒவ்வொரு கட்லாவும் அந்த ஊசியோட பேரப்பிள்ளை, குஞ்சா கொண்டுவந்து விடப்பட்டது. அது கூட்டமா செத்துட்டா, அந்த இடத்தை யார் பிடிக்கிறா? ஜிலேபி. பேர்ல கெண்டை ஒட்டிக்கிட்டு ஜிலேபிக் கெண்டைன்னு சொல்றோம், ஆனா அது கெண்டையே இல்ல, ஆப்பிரிக்க திலாப்பியா, 1952ல இலங்கை வழியா வந்தது. நம்ம அழுக்குத் தண்ணியிலயும் வருஷம் முழுக்க குஞ்சு பொரிக்கும். அப்புறம் வளர்க்கவே தடை போட்டிருக்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி. அப்புறம் மீன்தொட்டியில இருந்து யாரோ கொண்டுவந்து விட்ட டேங்க் கிளீனர். கெளுத்தியும் டேங்க் கிளீனரும் காத்தையே குடிச்சு உயிர் வாழும். ஒரு ஏரியில என்ன மீன் மாட்டுதுன்னு மூணு வருஷம் குறிச்சு வச்சீங்கன்னா, அந்த ஏரி எத்தனை தடவை மூச்சு முட்டிச்சுங்கிற லாக் ஃபைல் அதுதான்.

மீன் கூட்டமா செத்து ஒதுங்கும்போது எப்பவும் ஒரு பதில் வரும்: "வெயில் ஜாஸ்தி, வானிலை மாற்றம்." பாதி உண்மை. மோடமோ மழையோதான் அன்னைக்கு சர்வரைக் கவுத்துச்சு, சரி. ஆனா 95 சதவீத லோடுல அதை ஓட விட்டது யாரு? சாக்கடை கலக்காத ஏரியில ஒருநாள் மோடம் போட்டா மீன் கொஞ்சம் சோர்ந்து போகும், அவ்வளவுதான். சாகாது.

இதை நிரூபிக்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. டெஸ்டிங்ல இருக்கிறவங்களுக்கு உடனே புரியும். மீன் சாகுறது காலை நாலுல இருந்து ஆறு மணிக்குள்ள. யாராவது பார்த்து, போன் பண்ணி, தகவல் மேல போயி, சாம்பிள் பாட்டில் ஏரிக்கு வர்றதுக்குள்ள மணி பதினொன்னு ஆயிடுச்சுன்னா, வெயில் ஏறியிருக்கும், பாசி வேலையை ஆரம்பிச்சிருக்கும், மீட்டர்ல ஆக்சிஜன் நார்மல்னு காட்டும். "எங்க மெஷின்ல ஒழுங்காதானே ஓடுது"ன்னு டிக்கெட்டை மூடிடலாம். அது பொய்யும் இல்ல, பதினோரு மணிக்கு அது உண்மைதான். இன்னொண்ணு, பாசித் தண்ணியை அப்படியே பாட்டில்ல பிடிச்சு லேபுக்குக் கொண்டுபோனா போற வழியிலயே அளவு மாறிடும். கரையிலயே மருந்து ஊத்தி ஆக்சிஜனைக் கட்டிப் போடணும். வின்க்லர் முறைன்னு 1888லேயே கண்டுபிடிச்சது, காலேஜ் லேப்ல நம்மள்ல பல பேர் தூக்கக் கலக்கத்துல பண்ணின டைட்ரேஷன்தான்.

விடியல்ல ஏரிக்கரையில நிக்கிற ஆள் யாரு? நடைப்பயிற்சி போறவங்க, அடுத்து நாம. அதனால மீன் மேல வந்து நிக்கிறதைப் பார்த்தா ஒரு வேலை செய்ங்க. நேரமும் இடமும் பதிவாகிற மாதிரி வீடியோ எடுங்க. முந்தின நாள் வெயிலா மோடமா, மழை பெஞ்சதா, எந்த வாய்க்கால் வழியா கறுப்புத் தண்ணி உள்ள வருதுன்னு எழுதுங்க. மீன் சாகாத நாள்லயும் எழுதுங்க, ஒப்பிடுறதுக்கு அதுவும் வேணும். சொட்டு மருந்து ஊத்தி நிறம் பார்க்கிற ஆக்சிஜன் கிட் மீன்தொட்டி சாமான் விக்கிற கடையில கேட்டுப் பாருங்க. புகார் எழுதும்போது மாநகராட்சி, மீன்வளத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூணுக்கும் ஒரே கடிதம் போடுங்க. "மறுநாள் விடியல்ல சாம்பிள் எடுங்க"ன்னு அந்த ஒரு வரியை மட்டும் அடிக்கோடு போடுங்க. நாங்க நாலு பேர் எங்க பக்கத்து ஏரிக்கு ஒரு ஷீட் வச்சிருக்கோம், ரெண்டாவது வருஷம் ஓடுது. பெருசா ஒண்ணும் சாதிக்கல. ஆனா இப்போ எங்களால கணிக்க முடியுது, எந்த விடியல்ல மீன் மேல வரும்னு.

ரெண்டு மூணு விஷயம் வேகமா. ஏரியில தூண்டில் போடுறதுக்கு முன்னாடி மீன்பாசி குத்தகை விட்டிருக்காங்களான்னு கேளுங்க. பசலி ஆண்டுக் கணக்கு, ஜூலைல ஆரம்பிச்சு ஜூன்ல முடியும். குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருந்தா அவர்கிட்ட அனுமதி வாங்குங்க, ஏரியைப் பத்தி அவரைவிட நல்லா யாரும் சொல்ல மாட்டாங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வனத்துறைப் பகுதி, 2022ல இருந்து ராம்சார் தலமும்கூட, அங்க தூண்டில் வேண்டாம். சாக்கடை கலக்கிற ஏரி மீனை நான் வீட்டுக்குக் கொண்டு போறதில்ல. செத்து மிதக்கிற மீனை யார் எவ்வளவு மலிவா குடுத்தாலும் வாங்காதீங்க. அப்புறம் இடி. உங்க கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், வெட்டவெளிக் கரையில அதைத் தூக்கிப் பிடிச்சா நீங்கதான் இடிதாங்கி. முதல் இடிச் சத்தம் கேட்டதும் ராடைக் கீழ வச்சிட்டு காருக்கோ கட்டடத்துக்கோ போயிடுங்க, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் திரும்பி வராதீங்க. புனேவில இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தோட தாமினி ஆப் போன்ல இருக்கட்டும்.

ஏரி சரியில்லாத வாரத்துல நான் கோவளம் போவேன். வண்டலூர், கேளம்பாக்கம் வழியா வண்டியை விட்டா நேரா முகத்துவாரம். அங்க கெண்டை கிடையாது, மடவை இருக்கு, அதிர்ஷ்டம் இருந்தா கொடுவா. கடல் தண்ணி ஏறி இறங்கறதால ஏரி மாதிரி மூச்சு முட்டிக் கிடக்காது. ஆனா ஏரியை விட்டு ஓடி வந்துட்டோம்னு நினைச்சா அதுவும் இல்ல. சேலையூர் ஏரி நிரம்பினா ராஜகீழ்ப்பாக்கம், அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடைசியா இந்தக் கோவளம் வாய். ஜிஎஸ்டி ரோட்டுக்கு மேற்கே இருக்கிற முடிச்சூர், பெருங்களத்தூர் தண்ணிதான் அடையாறுக்குப் போகுது, கிழக்குப் பக்கத்துத் தண்ணி எல்லாம் இங்கதான் வரணும். நல்ல கோடை மழைக்கு அப்புறம், வற்றம் இறங்கும்போது முட்டுக்காடு பாலத்துல நின்னு கீழ பாருங்க. கடல் தண்ணியும் உள்தண்ணியும் சேர்ற இடத்துல ஒரு கோடு தெரியும். உள்ள இருந்து வர்ற பக்கம் என்ன நிறம்னு பாருங்க.

அடுத்த வாரம் அதே பாலத்துக்குக் கீழ மடவை. ஏற்றம், வற்றம் நேரத்தை எப்படிப் பார்க்கிறது, அமாவாசை பௌர்ணமிக்கு என்ன மாறும், எல்லாம் பேசலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள. ஏரிப் பேரும் நேரமும் போட்ட வீடியோ இருந்தா அதையும்.